பழைய காருக்குள் பைக் எஞ்சின்: ஓடுமா, ஓட்டலாமா?

சித்தூரிலோ திருப்பதியிலோ உங்கள் வீட்டு ஷெட்டில் அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினியோ பழைய மாருதி 800-ஓ நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் சீஸ் ஆகிப் பல வருஷம் ஆச்சு. பாடி மட்டும் பரவாயில்லை. விற்றால் இரும்பு விலை, வைத்திருந்தால் தூசி. இந்த நேரத்தில் செல்போனில் ஒரு வீடியோ வருகிறது. வெளிநாட்டில் ஒருவர் குட்டி மினி காருக்குள் சுசூகி ஹயபுசா எஞ்சினைப் பொருத்தி ரேஸ் டிராக்கில் பறக்கிறார். 'நம்ம வண்டிக்கும் இப்படிச் செய்யலாமே' என்று தோன்றும்.

மெக்கானிக்கிடம் கேட்டால், 'பண்ணிடலாம் சார்' என்பார். அவர் சொல்வதில் பொய் இல்லை, பண்ண முடியும்தான். ஆனால் பண்ணிய பிறகு அந்த வண்டியை சித்தூர்-வேலூர் ரோட்டில் ஓட்டலாமா என்பது தனிக் கேள்வி. அதற்கு மெக்கானிக்கிடம் பதில் கிடையாது, மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது.

சுருக்கமாக:

• பொறியியல் ரீதியாக இது சாத்தியம். ஆனால் எஞ்சின் மாற்றுவது வேலையில் ஒரு பகுதிதான். கிளட்ச், ரிவர்ஸ், ஆயில், கூலிங் என்று மீதி எல்லாமும் மாற வேண்டும்.

• பொதுச் சாலையில் ஓட்டுவதற்காக இப்படி மாற்றுவதை இந்தியச் சட்டம் அனுமதிப்பதில்லை.

• 50 வயதைத் தாண்டிய கார் என்றால், எஞ்சினை மாற்றிய அன்றே 'விண்டேஜ்' தகுதி போய்விடும்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இந்த ஐடியா புதுசா?

இல்லை. கார் கம்பெனிகளே இதைச் செய்திருக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் பெரிய கார் வாங்கப் பணமில்லை, பைக்கில் போனால் மழை. நடுவில் ஒரு வண்டி தேவைப்பட்டது. இத்தாலியின் ஈசோ கம்பெனி வடிவமைத்த இசெட்டாவை உரிமம் பெற்று 1955-இல் பிஎம்டபிள்யூ தயாரிக்கத் தொடங்கியபோது, தன் பைக்கில் இருந்த ஒற்றை சிலிண்டர் எஞ்சினைத்தான் அதில் வைத்தது. 250 சிசிக்கும் குறைவான எஞ்சின், முன்பக்கம் திறக்கும் ஒரே கதவு. அதுவே அன்று பல குடும்பங்களின் முதல் கார்.

ஜப்பானில் ஹோண்டா பைக்கிலிருந்துதான் காருக்கு வந்தது. 1967-இல் விற்பனைக்கு வந்த ஹோண்டா என்360 காரில், பைக் எஞ்சின் அனுபவத்திலிருந்து பிறந்த 354 சிசி இரட்டை சிலிண்டர் ஏர்கூல்டு எஞ்சின் இருந்தது. 8,500 ஆர்பிஎம் வரை சுற்றி 31 குதிரைத்திறன் கொடுத்தது. அந்தக் காலத்துக் குட்டி காருக்கு அது பெரிய எண்.

இன்றைக்கு இதைச் செய்வது பெரும்பாலும் பந்தயக்காரர்களும் மாணவர்களும். ஃபார்முலா ஸ்டூடன்ட் வகைப் போட்டிகளில் கல்லூரி மாணவர்களே ஒற்றை இருக்கைப் பந்தய காரைக் கட்ட வேண்டும். பெட்ரோல் பிரிவில் எஞ்சின் 710 சிசியைத் தாண்டக் கூடாது என்பது விதி. அந்த அளவில் லேசான, பலமான எஞ்சின் வேண்டுமென்றால் பைக்கிடம்தான் போக வேண்டும். இந்திய அணிகளிடையே கேடிஎம் 390 பைக்கின் 373 சிசி எஞ்சின் பிரபலம். இந்தப் போட்டியின் இந்திய வடிவமான ஃபார்முலா பாரத் கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீடுவேயில் நடந்திருக்கிறது. சித்தூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய வேலூர் விஐடியில் இதற்கென்றே மாணவர் அணி இருக்கிறது.

ஆக, காருக்குள் பைக் எஞ்சின் கிறுக்குத்தனம் கிடையாது. எந்தக் காருக்குள், எங்கே ஓட்ட என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

காகிதக் கணக்கில் பைக் ஜெயிக்கிறதே?

ஜெயிப்பது போலத் தெரியும். சென்னைக்கு அருகே தயாராகும் ராயல் என்ஃபீல்டின் 650 எஞ்சினை எடுத்துக்கொள்வோம். 648 சிசி, 47 குதிரைத்திறன். பல ஆண்டுகள் விற்ற மாருதி 800-இன் எஞ்சின் 796 சிசி. சக்தி 40 குதிரைத்திறனுக்குச் சற்றுக் குறைவு. சின்ன எஞ்சின் பெரிய எஞ்சினைத் தோற்கடிக்கிறது. அப்படியென்றால் மாற்ற வேண்டியதுதானே?

கொஞ்சம் பொறுங்கள். குதிரைத்திறன் என்பது இரண்டு எண்களின் பெருக்கல்: எஞ்சின் தரும் முறுக்குவிசை, அதாவது டார்க்; அது சுற்றும் வேகம், அதாவது ஆர்பிஎம். பைக் எஞ்சின் டார்க் குறைவாகத் தந்து, வேகமாகச் சுற்றி, அந்தப் பெருக்கல் தொகையை எட்டிப் பிடிக்கிறது. கார் எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதே நிறைய டார்க் தருகிறது.

மாருதி 800-இன் உச்ச டார்க் 59 நியூட்டன் மீட்டர். அது 2,500 ஆர்பிஎம்மிலேயே கிடைத்துவிடும். ராயல் என்ஃபீல்டு 650-இன் உச்ச டார்க் 52 நியூட்டன் மீட்டர். அதற்கு 5,000 ஆர்பிஎம்மைத் தாண்ட வேண்டும். 2,500 ஆர்பிஎம்மில் உச்சத்தில் 80 சதவீதம் கிடைக்கும் என்பது கம்பெனி சொல்வது. அதாவது சுமார் 42. கணக்குப் போட்டால், 2,500 ஆர்பிஎம்மில் மாருதி எஞ்சின் தருவது சுமார் 21 குதிரைத்திறன். பைக் எஞ்சின் தருவது சுமார் 15. நாம் டவுனுக்குள் ஓட்டுவது பெரும்பாலும் இந்த ஆர்பிஎம்மைச் சுற்றித்தான். விளம்பரத்தில் 47 ஜெயித்தாலும், சிக்னலில் பச்சை விழும்போது 59 ஜெயிக்கும்.

இத்தனைக்கும் இந்த 650 கீழ் ஆர்பிஎம்மில் நன்றாக இழுக்கும் என்று பெயர் எடுத்த எஞ்சின். மேல் ஆர்பிஎம்மிலேயே உயிர் வரும் ஸ்போர்ட்ஸ் பைக் எஞ்சின்களில் இந்த வித்தியாசம் இன்னும் கூடும்.

அடுத்தது எடை. 650 பைக்கும் இரண்டு பேரும் சேர்ந்தால் சுமார் 355 கிலோ. மாருதி 800 சுமார் 650 கிலோ. நான்கு பேர் ஏறினால் 930. அந்த எஞ்சினும் கிளட்ச்சும் கியரும் இழுக்கத் திட்டமிட்ட எடையைப் போல 2.6 மடங்கு. பத்மினி கிட்டத்தட்ட 900 கிலோ கார் என்பதால், நான்கு பேருடன் 3 மடங்கைத் தாண்டும்.

திருமலை ஏறுமா?

நம்ம ஊர் வண்டிக்கு இதைவிட நல்ல பரீட்சை கிடையாது. திருப்பதி டவுனுக்கும் திருமலைக்கும் உயர வித்தியாசம் சுமார் 700 மீட்டர். 930 கிலோவை 700 மீட்டர் தூக்க வேண்டிய ஆற்றலைக் கணக்கிட்டு, அதை அரை மணி நேரத்துக்குப் பகிர்ந்தால் என்ன வரும் தெரியுமா? ஏறக்குறைய 5 குதிரைத்திறன்தான். டயர் உராய்வு, காற்றுத் தடை எல்லாம் சேர்த்தாலும் 47 குதிரைத்திறன் எஞ்சினுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

அப்போ பிரச்சினை எங்கே? சராசரியில் இல்லை; கொண்டை ஊசி வளைவில் இருக்கிறது. முன்னால் போகும் பஸ் நின்றுவிட்டால் ஏற்றத்தில் நின்ற இடத்திலிருந்து 930 கிலோவைக் கிளப்ப வேண்டும். பைக்கின் முதல் கியர் அதற்கு அமைக்கப்பட்டது அல்ல. ஆர்பிஎம்மை ஏற்றி, கிளட்ச்சை நழுவவிட்டுத்தான் கிளப்ப முடியும். பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் எஞ்சின் ஆயிலுக்குள்ளேயே மூழ்கி இருக்கும். கிளட்ச் சூடானால் ஆயில் சூடாகும். ஆயில் சூடானால் எஞ்சின் முழுக்க வலிக்கும்.

ஸ்பிராக்கெட்டை மாற்றி கியர் விகிதத்தைக் குறைத்தால் கிளம்புவது சுலபமாகும். ஆனால் அதே அளவுக்கு டாப் ஸ்பீடு குறையும். நெடுஞ்சாலையில் எஞ்சின் எப்போதும் உச்ச ஸ்தாயியில் கத்திக்கொண்டே இருக்கும்.

இறங்குவதும் சுலபம் இல்லை. ஏறும்போது சேர்த்த ஆற்றல் முழுவதையும் இறங்கும்போது பிரேக்கும் எஞ்சினும் தின்று தீர்க்க வேண்டும். காரில் செகண்ட் கியர் போட்டு எஞ்சின் பிரேக்கிங்கில் இறங்குவோம். இப்போதைய பைக்குகள் பலவற்றில், 650 உட்பட, சட்டென்று கியரைக் குறைத்தால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் இருக்க, பின்னாலிருந்து தள்ளும் விசையில் கொஞ்சம் நழுவும் 'ஸ்லிப்பர்' கிளட்ச் இருக்கிறது. 200 கிலோ பைக்குக்கு அது பாதுகாப்பு. 930 கிலோ கார் பின்னாலிருந்து தள்ளும்போது அதே குணம் பிரேக்கின் மேல் சுமையைக் கூட்டும்.

எஞ்சினைத் தவிர வேறென்ன மாற வேண்டும்?

பட்டியல் நீளம். முக்கியமானவை மட்டும்:

ரிவர்ஸ்: சாதாரண பைக்கில் ரிவர்ஸ் கியர் கிடையாது. காரில் அது இல்லாமல் பார்க்கிங்கில்கூட நுழைய முடியாது. தனி ரிவர்ஸ் கியர்பாக்ஸோ மின் மோட்டாரோ சேர்க்க வேண்டும்.

டிஃபரென்ஷியல்: பைக்குக்கு ஓட்டும் சக்கரம் ஒன்றுதான். காருக்கு இரண்டு, வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் சுற்ற வேண்டும். செயினிலிருந்து வரும் விசையை டிஃபரென்ஷியல் வழியாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முன்சக்கர டிரைவ் கொண்ட மாருதி 800-இல் ஒரு விதமான வேலை, பின்சக்கர டிரைவ் கொண்ட பத்மினியில் வேறு விதமான வேலை.

ஆயில்: பலர் யோசிக்காத இடம் இது. பைக் வளைவில் சாயும். அது சாயும்போது உள்ளே இருக்கும் ஆயில் எஞ்சினின் அடித்தட்டை நோக்கியே அழுத்தப்படும். ஆயில் பம்ப் எப்போதும் உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கார் அப்படிச் சாயாது. வேகமாக வளைத்தால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும். பம்ப் காற்றை உறிஞ்சும். சில விநாடிகள் ஆயில் போகாவிட்டால் பேரிங் போச்சு. அதனால்தான் பந்தயக்காரர்கள் ஆயில் தட்டில் தடுப்புகள் வைக்கிறார்கள், அல்லது ஆயிலைத் தனி டேங்கில் வைக்கிறார்கள்.

கூலிங்: பைக் எஞ்சின் திறந்தவெளியில் எதிர்க்காற்றில் நிற்கும் என்று நினைத்து வடிவமைக்கப்பட்டது. அதைப் பானெட்டுக்குள் பூட்டிவைத்து, மே மாதத்து ராயலசீமை வெயிலில், டிராஃபிக்கில் நிறுத்தினால் நிலைமையைக் கேட்கவே வேண்டாம்.

மின்சாரம், பிரேக்: பைக்கின் மின் உற்பத்தி அதன் சொந்தத் தேவைக்கு அளவாக இருக்கும். காரின் ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் சேர்ந்தால் போதாமல் போகலாம். பவர் பிரேக் உள்ள கார்களில் அதற்கு எஞ்சினிலிருந்து வெற்றிடம் கிடைக்க வேண்டும். பைக் எஞ்சினில் அதற்கான வழியைத் தனியாக உருவாக்க வேண்டும். ஓட்டுவது வேகமாக இருக்கிறதோ இல்லையோ, நிற்பது நிச்சயமாக நிற்க வேண்டும் இல்லையா?

எஞ்சின் மவுண்ட்: கடைசியில் வந்தாலும் ஆபத்தில் முதல். எஞ்சினைப் பிடித்துவைக்க சேசிஸில் வெட்டி வெல்டிங் செய்ய வேண்டியிருக்கும். பழைய காரின் தளத்தில் துரு எங்கே ஒளிந்திருக்கிறது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது.

இவை எல்லாவற்றுக்கும் தீர்வு உண்டு. வெளிநாடுகளில் ரெடிமேட் கிட்டாகவே கிடைக்கிறது. நேரமும் பணமும் நல்ல ஃபேப்ரிகேட்டரும் இருந்தால் ஓடும் வண்டி ஒன்றைக் கட்டிவிடலாம். அதற்குப் பிறகுதான் சட்டம் வருகிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இதைப் பற்றித்தான் பேசுகிறது. 2000-இல் திருத்தப்பட்ட வடிவத்தில் அதன் சாரம் இது: தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது. எஞ்சின் எண், சிசி, எரிபொருள் எல்லாம் ஆர்.சி.யில் உள்ள விவரங்கள்.

'ஆர்டிஓவிடம் அனுமதி வாங்கினால் போதாதா?' என்ற கேள்விக்கு 2019 ஜனவரி 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பதில் சொன்னது. கேரளாவிலிருந்து வந்த, ஆர்டிஓ எதிர் கே.ஜெயச்சந்திரா வழக்கு அது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பை ரத்து செய்து, தயாரிப்பாளர் நிர்ணயித்த விவரங்களோடு முரண்படும் மாற்றத்தைப் பதிவு அதிகாரி ஏற்க முடியாது என்று தெளிவுபடுத்தியது. மாநில அரசின் விதியோ சுற்றறிக்கையோ இந்தப் பிரிவைத் தாண்டிப் போக முடியாது. ஆந்திரா, தமிழ்நாடு இரண்டுக்கும் இது பொருந்தும்.

விதிவிலக்குகளும் உண்டு. சிஎன்ஜி, எல்பிஜி, பேட்டரி போன்ற வேறு எரிபொருளுக்கு மாற, அங்கீகரிக்கப்பட்ட கிட் பொருத்தலாம். மாற்றுத்திறனாளிகளுக்காக வண்டியை மாற்றி அமைக்க 2019 திருத்தம் வழி செய்தது. பழுதான எஞ்சினுக்குப் பதிலாக அதே கம்பெனியின் அதே வகை எஞ்சினைப் பொருத்தி, ஆர்டிஓ அனுமதியுடன் புதிய எண்ணை ஆர்.சி.யில் ஏற்றுவது இதில் சேராது, அது செய்யக்கூடியதுதான். கார் எஞ்சினை எடுத்துவிட்டு பைக் எஞ்சின் வைப்பதற்கு மட்டும் எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை.

மீறினால்? 182ஏ(4) பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், சேசிஸில் வெட்டு என்று எத்தனை மாற்றங்களை இந்த வேலை இழுத்துவரும் என்று மேலே பார்த்தோம்.

யார் பார்க்கப் போகிறார்கள்?

ரோட்டில் நிறுத்தும் போலீஸ்காரர் பானெட்டைத் திறக்காமலே போகலாம். ஆனால் மூன்று இடங்களில் தப்பிக்க முடியாது.

முதலாவது, ஆர்.சி. புதுப்பித்தல். சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்போது வண்டியைக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்; எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு ஒத்துப்போக வேண்டும். 20 வயதைத் தாண்டிய கார்களுக்கு மத்திய அரசு 2025 ஆகஸ்டில் புதுப்பித்தல் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியது. அதைக் கட்டிவிட்டு எண் பொருந்தாமல் திரும்பி வருவது இரட்டை நஷ்டம்.

இரண்டாவது, மாநில எல்லை. இந்த வட்டாரத்தில் இது அன்றாட விஷயம். வேலூரில் டிஎன் 23 எண்ணில் வாங்கிய காரை சித்தூருக்குக் கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், ஆந்திர எண்ணுக்கு மாற்ற வேண்டும் என்கிறது 47-ஆவது பிரிவு. அங்கே என்ஓசி, இங்கே மறுபதிவு. சரிபார்ப்பில் எஞ்சின் எண் ஒத்துப்போகாவிட்டால் ஃபைல் அங்கேயே நின்றுவிடும்.

மூன்றாவது விபத்து, மூன்றிலும் மோசமானது. சர்வேயர் வந்து பார்க்கும்போது பாலிசியில் 796 சிசி கார் என்று இருக்கும், பானெட்டுக்குள் வேறு ஏதோ இருக்கும். உங்கள் வண்டிக்கான இழப்பீட்டை இன்சூரன்ஸ் கம்பெனி மறுக்க அதுவே போதுமான காரணம். அடிபட்டது வேறொருவர் என்றால், அவருக்கான தொகை யார் தலையில் விழும் என்று வருடக்கணக்கில் வழக்காட வேண்டியிருக்கும்.

எஞ்சின் எங்கிருந்து வந்தது?

இன்னொரு தலைவலியும் உண்டு. பழைய எஞ்சின் என்றால் சித்தூர், திருப்பதிக்காரர்களுக்கும் சென்னை புதுப்பேட்டை தெரிந்த இடம்தான். ஆனால் ஒவ்வொரு பைக் எஞ்சினுக்கும் ஓர் எண், அந்த எண்ணுக்கு எங்கோ ஓர் ஆர்.சி. இருக்கிறது. வண்டி அழிந்துவிட்டாலோ நிரந்தரமாகப் பயன்படாமல் போனாலோ உரிமையாளர் 14 நாட்களுக்குள் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். அது நடக்காமல் வந்த எஞ்சின் என்றால் கணக்குப்படி அது இன்னும் வேறொருவருடைய பைக். திருட்டு வண்டியின் எஞ்சினாக இருந்தால், தெரிந்தே வாங்கினீர்களா என்ற கேள்வி பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் போய் நிற்கும். பில், ரத்து செய்யப்பட்ட ஆர்.சி. நகல் இரண்டும் இல்லாமல், டிராக் காருக்குக்கூட எஞ்சின் வாங்க வேண்டாம்.

கார் 50 வயதைத் தாண்டியிருந்தால்?

அப்போது இழப்பது இன்னும் அதிகம். 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்கெனத் தனி விதிகள் வந்தன. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகள் இதில் வரும். நிபந்தனை: அசல் வடிவில் இருக்க வேண்டும், சேசிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது.

புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும், மறுபதிவுக்கு 5,000. எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். தினசரி ஓட்ட முடியாது; கண்காட்சி, விண்டேஜ் பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டும் எடுக்கலாம்.

பிரீமியர் பத்மினி என்ற பெயர் 1970-களின் நடுவில் வந்தது. அதற்கு முந்தைய ஃபியட் 1100-களும், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுகளும் இப்போதே 50-ஐத் தாண்டியவை. முதல் மாருதி 800 சாவி கொடுக்கப்பட்டது 1983 டிசம்பர் 14 அன்று. அதன்படி 2033 டிசம்பரிலிருந்து மாருதி 800-களும் இந்த வரிசையில் சேரத் தொடங்கும். இன்றைக்கு சீஸ் ஆகிக் கிடக்கும் அந்த அசல் எஞ்சின்தான் அன்றைக்கு உங்கள் காரின் அடையாளச் சான்று. அதை எடைக்குப் போட்டுவிட்டால் பணம் கொடுத்தும் திரும்பக் கிடைக்காமல் போகலாம்.

பஜாஜ் மட்டும் எப்படிச் செய்தது?

நியாயமான கேள்வி. பஜாஜ் க்யூட் ஒரு நான்கு சக்கர வண்டி. அதற்குள் இருப்பது பைக் அளவிலான 216.6 சிசி ஒற்றை சிலிண்டர் எஞ்சின், சுமார் 13 குதிரைத்திறன். பைக் போலவே வரிசையாக மாற்றும் கியர், கூடவே ரிவர்ஸ். 2012-இல் ஆர்இ60 என்ற பெயரில் பஜாஜ் இதைக் காட்டியது. 'குவாட்ரிசைக்கிள்' என்ற தனி வகை விதிகளில் இடம்பெற்று, சொந்த உபயோகத்துக்கும் 2018-இல் அனுமதி வந்த பிறகே, 2019-இல் அது தனிநபர்களுக்கு விற்பனைக்கு வந்தது. டாப் ஸ்பீடு 70 கிலோமீட்டர்.

கவனிக்க வேண்டியது, எஞ்சினைப் பார்த்து சட்டம் பயப்படவில்லை. அந்த எஞ்சின், அந்த எடை, அந்த பிரேக், அந்த வேகம் எல்லாம் சேர்ந்து ஒரே வண்டியாகச் சோதிக்கப்பட்டு அங்கீகாரம் பெற்றது. ஷெட்டில் மாற்றிய காருக்கு அப்படி யாரும் சோதனை நடத்தியிருக்க மாட்டார்கள். பிரிட்டனில் எஞ்சினை மாற்றினால் அதைப் பதிவுப் புத்தகத்தில் தெரிவித்து மாற்றிக்கொள்ளும் நடைமுறை இருக்கிறது. அந்த வீடியோக்களில் வரும் மினிகள் சில ரோட்டிலும் ஓடுவது அதனால்தான். தனி ஒருவர் கட்டிய வண்டியைச் சோதித்து ஏற்கும் வழி நம் நாட்டிலும் வேண்டும் என்று வாதாடலாம். அது நியாயமான வாதமும்கூட. ஆனால் இன்றைய சட்டத்தில் அது இல்லை.

அப்போ அந்த காரை என்னதான் செய்வது?

நான்கு வழிகள் இருக்கின்றன.

1. அசல் எஞ்சினைத் திரும்ப எழுப்புவது. பத்மினி, 800 எஞ்சின்கள் எளிமையானவை. ரீபோர், பிஸ்டன், பேரிங் வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. பிரித்த கையோடு இரண்டு விஷயங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஈயம் கலந்த பெட்ரோல் இங்கே 2000-இல் நின்றுவிட்டது. அதற்கு முந்தைய எஞ்சின்களின் வால்வு சீட் ஈயமில்லாத பெட்ரோலைத் தாங்குமா என்பது ஒன்று. 20 சதவீதம் எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ்களும் கார்புரேட்டர் சீல்களும் தாங்குமா என்பது இன்னொன்று.

2. அதே வகை எஞ்சின். உங்களுடையது உடைந்தே போயிருந்தால், அதே மாடலின் வேறொரு எஞ்சினை உரிய பில்லுடன் வாங்கி, ஆர்டிஓவிடம் விண்ணப்பித்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம். கார் மேல் கடன் இருந்தால் அந்த வங்கியின் சம்மதமும் வேண்டும்.

3. மின்சார மாற்றம். சட்டம் பெயர் சொல்லி அனுமதிக்கும் வழி இது. அமரான் பேட்டரி தயாரிக்கும் அமர ராஜாவின் சொந்த ஊர் திருப்பதி என்பதால், பேட்டரி தொழில் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ஆனால் கிட் சோதனை நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், அங்கீகரிக்கப்பட்ட மையமே பொருத்த வேண்டும், ஆர்.சி.யில் எரிபொருள் மாற வேண்டும். உங்கள் மாடலுக்கு அப்படி ஒரு கிட் உண்டா என்பதை முதலில் விசாரியுங்கள். இதுவும் விண்டேஜ் தகுதியைக் காலி செய்யும்.

4. டிராக் கார். பைக் எஞ்சின்தான் வேண்டும், அந்தச் சத்தம்தான் வேண்டும் என்றால், ரோட்டை மறந்துவிடுங்கள். ஆர்.சி. ரத்தான, பாடி மட்டும் மிஞ்சிய ஒரு காரை எடுத்துக்கொண்டு பந்தயக் காராகவே கட்டலாம். ரோல் கேஜ், தீயணைப்பான், சீட் பெல்ட் எல்லாம் பந்தய விதிப்படி இருக்க வேண்டும். டிரெய்லரில் ஏற்றி, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் உள்ள மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட்டுக்கோ கோயம்புத்தூருக்கோ கொண்டுபோய், அனுமதி பெற்று ஓட்டலாம். அப்பாவின் கார் ஷெட்டிலேயே பத்திரமாக இருக்கட்டும்.

வேலை ஆரம்பிக்கும் முன்

ஸ்பேனரைத் தொடும் முன் ஒரு சனிக்கிழமை இதை மட்டும் செய்யுங்கள். ஆர்.சி.யை எடுத்து எஞ்சின் எண், சேசிஸ் எண் இரண்டையும் வண்டியில் உள்ளவற்றோடு ஒப்பிடுங்கள். பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். முதல் பதிவுத் தேதியிலிருந்து 50 ஆண்டுகள் எப்போது முடிகிறது என்று எண்ணுங்கள். ஆர்.சி. இன்னும் அப்பா அல்லது தாத்தா பெயரில் இருந்தால், அதை மாற்றுவதுதான் முதல் வேலை. எஞ்சினை இறக்கினால், துடைத்து, ஆயில் தடவி, மூடிவையுங்கள். எடைக்குப் போட வேண்டாம்.

மெக்கானிக் அடுத்த முறை 'பண்ணிடலாம் சார்' என்று சொன்னால், 'எஃப்சிக்கு வண்டியைக் காட்டும்போது எஞ்சின் எண் என்ன இருக்கும்?' என்று கேளுங்கள். அதற்கு அவரிடம் நல்ல பதில் இருந்தால் வேலையைக் கொடுக்கலாம்.